கிழக்குத் துளை

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததும், வெயில்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று நினைத்தாள் பழனாயி. கைப்பிடிச் சுவரில் வயிற்றை அழுத்திக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தாள். விடியலிலிருந்து மோட்டார் ஓடியதில் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கிக் கிடந்தது. பாறைச் சுவரில் படுக்கைவாட்டில் போட்டிருந்த மூன்று சைடு போர்த் துளைகளும் வெளியே தெரிந்தன. வடக்குத் துளையும் மேற்குத் துளையும் எப்போதும்போலத் தெளிவாக ஒழுகின. கிழக்குத் துளையிலிருந்து மட்டும் பீட்ரூட் கழுவின தண்ணீர் மாதிரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கிய இடத்தில் நுரை கட்டி, உடையாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

அவள் பயந்துபோனாள். நிறத்தைப் பார்த்ததற்காக மட்டுமல்ல. அந்தத் துளை எங்கே போகிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் திசையைக் கை நீட்டிக் காட்டினவளே அவள்தான்.

அவிநாசிக்கு வடக்கே மானாவாரிக் காட்டில் பிறந்தவள் பழனாயி. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் கடன். நெருப்பெரிச்சல் ஊரை ஒட்டிய இந்தத் தோட்டத்துக்கு லிங்கசாமியின் பெண்டாட்டியாக வந்தபோது, சொந்தக்காரர்கள் மாப்பிள்ளையின் மூக்கு முழியைப் பற்றிப் பேசவில்லை. "பழனா தண்ணி இருக்கற ஊட்டுக்குப் போறா" என்றுதான் பேசினார்கள். வந்த வருசமே மஞ்சள் போட்டாள், பருத்தி போட்டாள். நீச்சல் தெரிந்த மருமகள் என்பதால் கிணற்றில் வாளி விழுந்தாலும் போசிப் பாத்திரம் விழுந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிறகு சுற்றிலும் பனியன் கம்பெனிகள் வந்தன. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை. காட்டுக்கு வந்துகொண்டிருந்த பெண்கள் பஸ் ஏறி செக்கிங்குக்கும் பேக்கிங்குக்கும் போனார்கள். அவர்கள் போனதை அவள் குறை சொன்னதில்லை. நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலையை விட்டுவிட்டு யார் வெயிலில் குனிவார்கள்?

அப்புறம்தான் தண்ணி லாரி வந்தது. சாயப்பட்டறைகளுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். வெள்ளைத் துணியை வெளுக்க, சாயம் ஏற்ற, அலச, மறுபடி அலச. அவர்கள் பக்கத்துக் கிணறுகளெல்லாம் கெட்டுப் போய்விட்டதால் தூரத்துக் கிணறுகளைத் தேடி வந்தார்கள். லிங்கசாமி விவசாயத்துக்குக் கொடுத்த ஓசிக் கரண்டில் இறைத்து லாரிக்கு ஊற்றினான். ஒரு லாரி வந்த இடத்துக்குப் பல லாரி வந்தது. கிணறு ஈடு கொடுக்கவில்லை. கீழே தோண்டினால் இரும்புப் பாறை. அதனால் ஊரே செய்கிற வேலையைத்தான் அவர்களும் செய்தார்கள்: கிணற்றுக்குள் மிஷினை இறக்கி, சுவரிலிருந்து படுக்கைவாட்டில் பாறைக்குள் நீளமாகத் துளை போட்டார்கள்.

வடக்கிலும் மேற்கிலும் போட்ட துளைகளில் ஏதோ கசிந்தது. மூன்றாவதை எங்கே போடுவது என்று மிஷின்காரர் கேட்டபோது, லிங்கசாமி தலையைச் சொறிந்தான். பழனாயி கிழக்கே கை நீட்டினாள்.

"அக்கட்டால பாறைக்குழில எந்தக் கோடையிலும் தண்ணி வத்துனதில்லையே."

அந்தப் பாறைக்குழி லிங்கசாமியின் பங்காளி ஆத்தப்பனுடையது. ஒரு காலத்தில் கல் உடைத்து எடுத்த பள்ளம். ஆத்தப்பன் இப்போது நிட்டிங் கம்பெனி முதலாளி. குழியில் மழைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். அவன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். அவன் குடும்பத்தோடு பழனிக்குக் காவடி எடுத்துப் போன வாரத்தில் துளை போட்டு முடித்துவிட்டார்கள். மிஷின் உடைத்துக்கொண்டு உள்ளே போனதும் தண்ணீர் பீய்ச்சி அடித்து மிஷின்காரரின் தலைப்பாகையைக் கழற்றி வீசியது. லிங்கசாமி கிணற்றுமேட்டில் நின்று விசில் அடித்தான். பழனாயியும் சிரித்தாள். பங்காளி சொத்தில் ஒரு கை அள்ளினால் பாவம் ஒட்டாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இப்போது அந்தத் துளைதான் சிவப்பாக ஒழுகியது.

மோட்டார் ரூமில் லிங்கசாமி பீடியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, மோட்டாரை நிறுத்துங்க."

"லாரி வர்ற நேரம்."

"வந்து பாருங்க, கெணத்த."

அவன் நகரவில்லை. புகையை மேலே விட்டான். அந்த நகராமையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"நேத்துப் பொழுதோட பாத்தேன். சித்த நேரத்துல தெளிஞ்சுரும்னு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினான். "சத்தம் போடாத புள்ள. சாயம் முக்கறதுக்குத்தான போகுது? செவப்புத் தண்ணில செவப்பு இன்னும் நல்லாப் புடிக்கும்."

தன் நகைச்சுவைக்குத் தானே சிரிக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை.

"லாரிக்கு மட்டுமா போகுது? தொட்டிக்கும் இதே கெணறுதான. மாடு குடிக்குது. நாம குடிக்கறோம். ரோட்டோரக் கொழாய்ல லைன் ஊட்டுக்காரங்க அத்தனை பேரும் புடிச்சுட்டுப் போறாங்க."

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற? ஆத்தப்பன்கிட்டப் போயி, உன்ர குழித் தண்ணி எங்களுக்கு வருது, கெட்டுப் போச்சுன்னு சொல்லறதா? எப்படி வருதுன்னு கேப்பானே!"

கேட்பான். பழனாயி ஸ்டார்ட்டரை அமுக்கி மோட்டாரை நிறுத்தினாள். திடீரென்று வந்த அமைதியில் கிழக்குத் துளையின் ஒழுக்கு மேலே வரைக்கும் கேட்டது.

ரோட்டுக்கு வந்தபோது ஜெயபாண்டியின் லாரி திரும்பிக்கொண்டிருந்தது. வீரபாண்டிப் பக்கத்துச் சாயப்பட்டறைக்கு இந்தக் கிணற்றுத் தண்ணீரை ஏற்றுகிறவன் அவன்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். அவன் மனைவி ரோஸ்மேரி ஒரு கார்மென்ட்ஸில் தைக்கிறாள். ரோட்டோரம் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறார்கள். எப்போதும் நேராகத் தோட்டத்துக்குள் வருகிற லாரி, இன்றைக்குப் பாறைக்குழிக்குப் போகிற மண் தடத்தில் மூக்கை நுழைத்திருந்தது. பழனாயி குறுக்கே போய் நின்றாள்.

"என்னக்கா, சாவப் பாக்கீகளா?" பிரேக்கை மிதித்துவிட்டுத் தலையை நீட்டினான் ஜெயபாண்டி.

"உள்ள என்ன?"

"காலி வண்டிக்கா."

"காலி வண்டி டயரு இப்படி அமுங்கிக் கெடக்குமா? ஏத்தம் ஏறறப்ப மொனகுச்சே, எனக்குக் காது இல்லையா?"

லாரியின் பின்பக்க வால்விலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. புழுதியில் விழுந்த சொட்டைச் சுற்றி பீட்ரூட் நிற வளையம் படர்ந்தது.

"அக்கா, நீங்க பாக்காத மாதிரி போயிருங்க" என்றான். "கோர்ட்டுல கெடுபிடி. ஆத்துல விட்டாப் புடிக்காங்க. மெஷின் வச்சுச் சுத்தம் பண்ணினாலும் கடைசில ஒரு கழிவு நிக்குது பாருங்க, உப்பும் சாயமுமா, அதை எங்கயும் விட முடியலை. திரும்பி வாரப்பச் சும்மா வாரதுக்குப் பதிலா இதைக் கொண்டு போயி பாறைக்குழில தட்டிருன்னு மேனேஜர் சொன்னாரு. குழிக்காரரு சரின்னாரு. நான் ஸ்டியரிங் புடிக்கிறவன்."

"இதே டேங்க்லயா, எங்க தண்ணியும் கொண்டு போற?"

"அலசிட்டுத்தாங்க்கா ஊத்துவேன்."

"எதுல அலசுவ? எங்க தண்ணியிலதான?" அவள் அவன் கதவைத் திறந்தாள். "எறங்கு. உம் பொண்டாட்டி காலைல எங்க தண்ணி புடிச்சா?"

"உங்க கொழாய்லதான்."

"வா. வந்து பாரு, அவ என்ன புடிச்சான்னு."

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்த ஜெயபாண்டி வெகுநேரம் நிமிரவில்லை. அவன் கொட்டியது அவன் கண்ணெதிரே சொட்டியது. அடையாளம் கேட்க வேண்டியதில்லை.

"ஆத்தாடி" என்றான் கடைசியில். "பாறையாச்சேக்கா. அங்க கொட்டுனா அங்கயே கெடக்கும்னுல்ல நெனச்சேன்."

அவனை அங்கேயே விட்டுவிட்டுப் பழனாயி லைன் வீடுகளுக்கு ஓடினாள். ரோட்டோரக் குழாயைத் திருகி மூடி, கயிற்றால் கட்டினாள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து, வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள் ரோஸ்மேரி.

"கண்ணு, அதக் கீழ ஊத்திரு. கொடத்துல இருக்கறதையும் ஊத்திரு. எல்லாருக்கும் சொல்லு, இந்தத் தண்ணி வேண்டாம்."

ரோஸ்மேரி கையை அரிசிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். "கொஞ்ச நாளாவே பருப்பு வேக மாட்டேங்கு. சோறு மஞ்சளடிக்கு. சின்னவனுக்கு வயித்தால போயிக்கிட்டே இருக்கு."

"அப்பவே சொல்லக் கூடாதா?"

"எப்படிச் சொல்ல? ஓசித் தண்ணி புடிக்கிறவளுவ நொட்டை வேற சொல்லுதாளுவன்னு நீங்கதானே பேசுவீங்க?"

பழனாயிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பேசியிருப்பாள். உண்மையில் பேசியும் இருக்கிறாள், போன கோடையில், குழாயடியில் சண்டை வந்தபோது. திரும்பி நடந்தாள். பின்னால் ரோஸ்மேரி குடத்தைக் கவிழ்க்கிற சத்தமும், அடுத்த வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்கிற சத்தமும், பிறகு வரிசையாகக் குடங்கள் கவிழ்கிற சத்தமும் கேட்டது.

மேற்கே வானம் கறுத்திருந்தது. கோடை மழை. மற்ற வருசமாக இருந்தால் அந்தக் கறுப்பைப் பார்த்து மனம் துள்ளும். இப்போது அவள் கணக்குப் போட்டாள். மழை கொட்டினால் சுற்றுக் காட்டுத் தண்ணீரெல்லாம் குழிக்குள் இறங்கும். குழி நிறைந்தால் அந்தக் கனம் முழுவதும் கிழக்குத் துளை வழியாகத்தான் கிணற்றைப் பார்த்துத் தள்ளும். இதுவரை வந்தது சொட்டு. இனிமேல் வருவது குழி. துளையை அடைக்க வேண்டுமானால் இன்றைக்கே அடைக்க வேண்டும். கிணறு ஊறி மேலே வந்துவிட்டால் துளை தண்ணீருக்குள் போய்விடும். மறுபடி மோட்டாரை ஓட்டி இறக்கினால், அந்த இறைப்பே இன்னும் கொஞ்சம் சாயத்தை இழுத்துவரும்.

லிங்கசாமியும் அதையேதான் சொன்னான். "அடைச்சுரலாம். சத்தமில்லாம அடைச்சுரலாம். ஆத்தப்பனுக்குத் தெரிய வேண்டாம்."

"அடைச்சுட்டா? அவங்க கொட்டிக்கிட்டே இருப்பாங்க. பாறைல நாம போட்டது ஒரு தொளை. சாமி போட்டது எத்தனையோ! இந்தப் பக்கம் அடைச்சா அந்தப் பக்கம் வரும். கொட்டறத நிறுத்தோணும்னா சொல்லித்தான் ஆகோணும்."

"மானம் போயிரும் பழனா."

"தண்ணி போனா மானத்தக் குடிக்க முடியுங்களா?"

ஜெயபாண்டியையும் கூட்டிக்கொண்டு பாறைக்குழிக்கரைக்குப் போனபோது, ஆத்தப்பன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். லாரி நடுத்தடத்தில் நிற்கிறது என்று யாரோ போன் செய்திருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை, பையில் செல்போன், கால்சட்டையை மடித்துவிட்டிருந்தான். அவனுக்குப் பின்னால் குழி கருஞ்சிவப்பாகக் கிடந்தது. ஓரத்து வேலிக்கருவைகூட இலை உதிர்ந்து நின்றது. வேலிக்கருவை வாடி அவள் பார்த்ததில்லை.

"என்னுங் நங்கையா" என்றான். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிடுகிற மரியாதையில் குறையில்லை, குரலில்தான் கிண்டல். "வண்டிய மறிச்சுட்டு நின்னீங்களாமா? கருப்பராயன் எறங்கிட்டாரா உங்க மேல?"

"தம்பி, இந்தத் தண்ணி எங்க கெணத்துக்கு வருது."

"பாறைங்க இது. எங்கப்பன் வெடி வெச்சு ஒடைச்ச பாறை. சட்டி மாதிரி இருக்குது. சட்டி எப்படிங்க ஒழுகும்?"

லிங்கசாமி அவள் முழங்கையைத் தொட்டான். வேண்டாம் என்று தொட்டான். அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"நாங்க ஒழுக வெச்சோம் தம்பி. நீங்க பழனிக்குப் போயிருந்தப்ப, கெணத்துல இருந்து இந்தக் குழிக்கு நேரா சைடு போர் போட்டோம். உங்க தண்ணியத்தான் இத்தனை நாளும் எறைச்சோம்."

ஜெயபாண்டி வாயைப் பிளந்துகொண்டு நின்றான். லிங்கசாமி தரையைப் பார்த்தான். ஆத்தப்பன் முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று கழுத்து நரம்பு புடைத்தது.

"என்ர குழித் தண்ணிய எனக்குத் தெரியாம லாரில ஏத்தி வித்துப்போட்டு, இப்பக் குழில அழுக்குன்னு நாயம் கேக்க வந்துட்டீங்களா? ஏன் லிங்கண்ணா, இதுக்குத்தான் நோம்பிக்கு நோம்பி, பண்டிகைக்குப் பண்டிகை வந்து எங்க ஊட்டுல எலை போட்டு உண்டீங்களா?"

"நாங்க பண்ணுனது திருட்டுத்தானுங்க" என்றாள் பழனாயி. "ஊர்க்கூட்டம் கூட்டுங்க. சொல்லற தண்டத்தக் கட்டறோம். ஆனா கூட்டத்துல, குழில என்ன இருக்குதுன்னும் கேப்பாங்க. அதையும் நானே சொல்லிருவேன். எங்களுக்கு இனி மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. உங்களுக்கு இருக்குது."

தூரத்தில் இடி உருண்டது. ஆத்தப்பன் வானத்தைப் பார்த்தான், குழியைப் பார்த்தான்.

"எங்க ஊட்டு போரும் இந்தப் பாறைலதான் எறங்குது" என்றான் ஒரு மாதிரியான குரலில். யாருக்கும் சொல்லவில்லை, தனக்குத்தான்.

ஜெயபாண்டி சாவியை எடுத்துக்கொண்டு லாரியைப் பார்த்து நடந்தான். "அண்ணாச்சி, இந்த லோடை இங்கன எறக்க மாட்டேன்."

"வேறெங்கடா எறக்குவ?"

"எடுத்த எடத்துலயே."

"வேலை போயிரும்டா."

"போகட்டும். எம் பிள்ளைக்கு வயித்தால போகுது."

லாரியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அவன் ஓடிவந்தபோது, லிங்கசாமி விறகுக் குவியலிலிருந்து ஒரு கருவேலங்கட்டையை இழுத்துப்போட்டுச் செதுக்கிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாமலே தொடங்கியிருந்தான். ஒரு முனை கூர், மறுமுனை பருமன்; துளைக்குள் அறைகிற ஆப்பு. ஆத்தப்பன் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஒரு மூட்டையை எறிந்தான். "பனியன் வேஸ்ட். சுத்தி அடிங்க, தண்ணி பட்டா உப்பும்." எறிந்துவிட்டு அங்கேயே நின்றான். உள்ளே வரவில்லை.

மோட்டாரை மறுபடி போட்டார்கள். மட்டம் இறங்கிக் கிழக்குத் துளை வெளியே வந்ததும், பழனாயி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பாறையில் வெட்டிய படிகளில் இறங்கினாள். லிங்கசாமி ஸ்டார்ட்டருக்கும் கிணற்றுமேட்டுக்குமாக நடந்தான். ஜெயபாண்டி இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடைசிப் படிக்கு மேலே நின்றான்.

"எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. எங்க ஊர்ல குளிக்கவே தண்ணி கெடையாது, நீந்த எங்க போக?"

"சம்மட்டியக் குடுக்கத் தெரியுமில்ல? அது போதும்."

கீழே முழங்கால் தண்ணீர். துளை அவள் நெஞ்சுக்கு நேராக இருந்தது. அருகே போனதும் வாடை மூக்கில் ஏறியது: வெந்த முட்டையும் சோப்பும் கலந்த மாதிரி. பனியன் துணியை ஆப்பைச் சுற்றிச் சுற்றி, சணலால் இறுக்கிக் கட்டி, துளைக்குள் செருகினாள். சம்மட்டியால் ஓர் அடி. இன்னோர் அடி. ஆப்பு கொஞ்சம் போனது. உள்ளே ஏதோ முனகியது. அவள் கையை எடுப்பதற்குள் ஆப்பு துப்பின மாதிரி வெளியே வந்து தோளில் இடித்து விழுந்தது. பின்னாலேயே சிவப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. வாயை மூடிக்கொண்டு திரும்பினாள். கண் எரிந்தது.

"அக்கா!"

"துணி போதலை. இன்னும் குடு. கெட்டியாச் சுத்து."

இரண்டாவது முறை துணியைத் தடிமனாகச் சுற்றிச் செருகி, தோளை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே அடிக்கப் பார்த்தாள். பிடித்தால் அடிக்க முடியவில்லை. அடித்தால் பிடிக்க முடியவில்லை. சம்மட்டியைப் படியில் நின்றவனிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்த நேரத்தில்தான் மோட்டார் சத்தம் இழுத்து இழுத்து நின்றது.

மேலேயிருந்து லிங்கசாமி கத்தினான். "கரண்டு போச்சு! மேல வந்துரு!"

மூன்று ஊற்றும் சேர்ந்து கிணற்றில் ஏறத் தொடங்கின. தண்ணீர் தொடையைத் தொட்டது. முதல் மழைத்துளிகள் கிணற்றுக்குள் கல் மாதிரி விழுந்தன. குழி நிறையத் தொடங்கிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது. தோளுக்கடியில் ஆப்பை உள்ளேயிருந்து யாரோ நெட்டுவது போலிருந்தது.

"பழனா! மேல வா!"

"வந்தா அவ்வளவுதான்! இனி இந்தத் தொளையப் பாக்க முடியாது. ஆள் வேணும்!"

ஜெயபாண்டி ஒரு படி இறங்கினான். தண்ணீரைப் பார்த்ததும் கால் அங்கேயே நின்றுவிட்டது. "அக்கா, நான்... கால் வர மாட்டேங்குக்கா."

"நீ வராத! முழுகிப் போவ!"

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. துளைக்கும் தண்ணீருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. துளை மூழ்கிவிட்டால் சம்மட்டி தண்ணீருக்குள் வீசப்படும். பஞ்சு மூட்டையால் அடித்த மாதிரிதான் இருக்கும். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழு பாரத்தையும் ஆப்பின்மேல் போட்டாள்.

மேலேயிருந்து ஏதோ ஒன்று விழுந்து கிணறே அதிர்ந்தது. அலை அவள் கழுத்துவரை அடித்தது. லிங்கசாமி பாதிப் படிவரை ஓடி இறங்கி, வேட்டியோடும் சட்டையோடும் குதித்திருந்தான். தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை கெட்ட வார்த்தை. இரண்டாவது, "சம்மட்டி!"

ஜெயபாண்டி கொடுத்தான். பழனாயி ஆப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை ஒதுக்கினாள்.

"கைய எடு புள்ள, அடிபடும்."

"எடுத்தா வந்துரும். பாத்து அடிங்க."

முதல் அடி அவள் பிடியிலிருந்து விரற்கடை தள்ளி விழுந்தது. இரண்டாவதில் கட்டை ஒரு சாண் உள்ளே போனது. அவன் ஒவ்வொரு அடிக்கும் மூச்சை முழுவதுமாக விட்டான். தண்ணீர் நெஞ்சுக்கு வந்து, துளையின் அடிவிளிம்பைத் தொட்டது. இன்னும் ஓர் அடி. பாறையில் கட்டை இறுகுகிற சத்தம் கேட்டது, பல்லைக் கடிக்கிற மாதிரி. இன்னும் ஒன்று. அடுத்த அடி தண்ணீரைத்தான் அறைந்தது. துளை மூழ்கிவிட்டது.

இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மழை பலத்தது. படியில் ஜெயபாண்டி அவன் ஊர்ச் சாமியையும் அவன் மனைவியின் மாதாவையும் மாறி மாறிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். லிங்கசாமி மூச்சு வாங்க, "குதிச்சது சரி, சட்டைப் பையில பீடி இருந்துச்சு" என்றான். பழனாயிக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் ஒன்று வந்தது. அவன் அவள் கையைத் தூக்கிப் பார்த்தான். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. அடி எப்போது பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை.

மழை பொழுது சாய்கிற வரைக்கும் பெய்தது. ஜெயபாண்டி அந்த மழையிலேயே லாரியை எடுத்துக்கொண்டு வீரபாண்டிக்குத் திரும்பிப் போனான், இறக்காத லோடோடு.

விடிந்ததும் பழனாயி முதலில் போனது பாறைக்குழிக்கு. குழி விளிம்பு தட்டி நின்றது. கருஞ்சிவப்பின்மேல் செம்மண் கலந்த மழைத் தண்ணீர் படர்ந்திருந்தது. அங்கே ஆத்தப்பன் தனியாக நின்றுகொண்டிருந்தான். அவள் வந்ததைப் பார்த்தும் பார்க்காத மாதிரி, "டேங்கர் சொல்லியிருக்கறேன். எறைச்சு அந்தப் பட்டறைக்கே திருப்பி அனுப்பறேன்" என்றான். பிறகு, "ஊர்க்கூட்டம் வேண்டாம் நங்கையா" என்றான்.

"உங்க இஷ்டம் தம்பி. எறைக்கலீன்னா நான் கூட்டுவேன்."

கிணற்றுக்கு வந்தாள். படிகள் வழுக்கின. தண்ணீர் பாதிக் கிணற்றுக்கு ஏறியிருந்தது. மேலே கலங்கல், அடியில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. மூச்சைப் பிடித்து முழுகி, சுவரைத் தடவிக்கொண்டே கீழே போய்க் கட்டையைக் கண்டுபிடித்தாள். பனியன் துணி உப்பிப் பாறையோடு பாறையாக இறுகியிருந்தது. சுற்றிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். மேலே இல்லை. இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம், கீழ் ஓரத்தில், மிக மெல்லிய ஒரு குளிர்ச்சி தோலைத் தொட்டுப் போனது. நூல் அளவுதான். அங்கேயே விரலை வைத்து அழுத்தினாள். நின்றது. விரலை எடுத்தாள். மறுபடி தொட்டது.

மேலே வந்து மூச்சு விட்டாள். லிங்கசாமி கைப்பிடிச் சுவரில் குனிந்து நின்றான்.

"நிக்குதா?"

"ஓரத்துல ஒரு நூல் வருது. கட்டை நிக்குது."

"அப்பச் சரியாப் போச்சா?"

"இல்லீங்க. குழி எறைக்கற வரைக்கும் நான் தெனமும் எறங்கோணும். இந்தத் தண்ணிய ஒரு போசிகூட மாட்டுக்கு வெக்காதீங்க. லைன் ஊட்டுக்குப் பஞ்சாயத்துத் தண்ணி கேட்டு நீங்க இன்னைக்கே போகோணும்." படியில் கால் வைத்து, சேலை முனையைப் பிழிந்தாள். "லாரிக்காரங்க வந்தா கேட்டச் சாத்திருங்க. இனி இந்தக் கெணறு தானா ஊறற அளவுக்குத்தான்."

அவன் சுவரோரம் கிடந்த பனியன் துணி மூட்டையை அவிழ்த்து, கைக்கு வந்த ஒரு பெரிய துண்டை எடுத்துச் சுருட்டி, கீழே அவளுக்கு எறிந்தான்.

"அந்த ஓரத்துல திணிச்சுட்டு வா."

அவள் அதைப் பல்லில் கவ்விக்கொண்டு மறுபடி முழுகினாள்.